சட்டமன்ற உறுப்பினரின் வேலை எது? அமிர்தி அடிவாரம் முதல் பாலாற்றங்கரை வரை ஒரு பழைய வழக்கு

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. 1967இல் திறக்கப்பட்ட சிறிய உயிரியல் பூங்காவையும் மழைக்காலத்து அருவியையும் வைத்தே வெளியூர்க்காரர்கள் அதை அறிந்திருக்கிறார்கள். அங்கிருந்து மேலே ஏறினால் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள். மலையை விட்டு இறங்கி மேற்கே போனால் ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று பாலாற்றுப் படுகையின் தோல் ஊர்கள். மேலே இருப்பவர்கள் சாலையும் ஆம்புலன்ஸும் பட்டாவும் கேட்கிறார்கள். கீழே இருப்பவர்கள் நல்ல குடிநீரையும் கழிவுநீருக்கு ஒரு முடிவையும், ஷூ கம்பெனி வேலையில் ஒரு நிலைத்தன்மையையும் கேட்கிறார்கள். இரு தரப்பினரும் மனுவைக் கொண்டுபோய்க் கொடுப்பது பெரும்பாலும் ஒரே வகை அலுவலகத்தில்தான்: சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில்.

அந்த மனுக்களுக்கும் அவருடைய பதவிப் பெயருக்கும் என்ன தொடர்பு? சட்டம் இயற்ற அனுப்பப்பட்டவர் தெருவிளக்குக்கும் நிழற்குடைக்கும் பொறுப்பாக வேண்டுமா? அல்லது தெருவிளக்கைக்கூடக் கவனிக்காதவருக்குச் சட்டம் இயற்ற என்ன தகுதி? இந்தக் கேள்விக்கு இரண்டரை நூற்றாண்டாகப் பதில்கள் சொல்லப்பட்டு வருகின்றன. அவற்றில் முக்கியமானவற்றை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் அனுபவத்தில் வைத்து உரசிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். 2019 நவம்பர் வரை இம்மூன்றும் ஒரே வேலூர் மாவட்டமாக இருந்தவை.

முதல் பதில்: அவர் சட்டம் இயற்றுபவர்

இந்த நிலைப்பாட்டுக்கு வழக்கமாகக் காட்டப்படும் தொடக்கம் 1774. அந்த ஆண்டு நவம்பரில் பிரிஸ்டல் நகர வாக்காளர்கள் முன் பேசிய எட்மண்ட் பர்க், தொகுதி இடும் கட்டளைகளை நிறைவேற்றுவது உறுப்பினரின் வேலை அல்ல, நாட்டின் பொதுநலனை முன்னிட்டுத் தன் சொந்தத் தீர்ப்பைப் பயன்படுத்துவதே வேலை என்று வாதிட்டார். அவருடைய தொகுதி அதை நெடுநாள் பொறுத்துக்கொள்ளவில்லை. 1780இல் தோல்வி உறுதி என்று தெரிந்ததும் அவர் பிரிஸ்டலில் போட்டியிலிருந்து விலகினார். கோட்பாட்டின் வலுவும் அதன் பலவீனமும் அந்த ஆறு ஆண்டுகளுக்குள்ளேயே தெரிந்துவிட்டன.

சென்னை மாகாணத்தில் 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920இல் தேர்தல் நடந்தது. சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டுமே வாக்கு. அப்படிப்பட்ட அவையிலும் சட்டமியற்றும் பணியின் உயரம் எவ்வளவு என்பதைக் காட்டிய இருவர், தேர்ந்தெடுக்கப்படாமல் நியமிக்கப்பட்டவர்கள் என்பது கவனிக்க வேண்டியது. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொது வீதிகளும் கிணறுகளும் குளங்களும் பொதுக் கட்டடங்களும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் உரியவை என்பதை அவையை ஏற்கவைத்தது. 1927இல் அவைக்கு வந்த முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறைக்கு எதிராகத் தொடங்கிய சட்ட முயற்சி 1929இல் ஒரு திருத்தச் சட்டமாகவும், 1947இல் முழு ஒழிப்புச் சட்டமாகவும் முடிந்தது. ஒரு தெருவில் நடக்க முடியாமல் இருந்தவருக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் தந்திருக்கக்கூடியது எதுவுமில்லை. எல்லாத் தெருக்களையும் ஒரே நேரத்தில் தொட விதியால் மட்டுமே முடியும். சட்டமியற்றுபவர் என்ற பதிலின் ஆகச் சிறந்த ஆதாரம் இதுதான்.

ஆனால் அந்த அவை வேறு, இன்றைய அவை வேறு. 1985இல் 52ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கட்சித் தாவல் தடையைக் கொண்டுவந்தது. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி பறிபோகலாம். 1992இல் கிஹோட்டோ ஹொல்லோஹான் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது. பதவிக்காக அணி மாறும் வழக்கத்தைக் கட்டுப்படுத்த வந்த சட்டம், மனசாட்சிப்படி மாறுபடுபவரையும் அதே கயிற்றால் கட்டியது. அதற்கு மேல், தமிழ்நாடு சட்டமன்றத்தின் நேரத்தில் பெரும்பகுதி துறைவாரியான மானியக் கோரிக்கை விவாதத்துக்குப் போகிறது. மசோதாக்கள் பெரும்பாலும் கூட்டத்தொடரின் இறுதி நாட்களில் வரிசையாக நிறைவேறுகின்றன. பெரிய திட்டங்கள் பலவும் விவாதத்துக்கு இடமில்லாத 110ஆம் விதி அறிவிப்புகளாக வந்த காலமும் உண்டு.

ஆம்பூருக்கு இதன் பொருள் என்ன என்பதை 2023 ஏப்ரல் காட்டியது. அந்த மாதம் 21ஆம் தேதி தொழிற்சாலைகள் (தமிழ்நாடு திருத்த) மசோதா பேரவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. புதிதாக 65ஏ என்ற பிரிவைச் சேர்த்த அம்மசோதா, வேலை நேரம், இடைவேளை, கூடுதல் நேரம் ஆகியவை பற்றிய விதிகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. வாரம் 48 மணி நேரம் என்ற வரம்பு மாறாது, விரும்புவோருக்கு நான்கு நாள் வாரம் கிடைக்கும் என்றது அரசு. நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு இது கதவைத் திறக்கும் என்றன தொழிற்சங்கங்கள். காங்கிரஸ், இரு கம்யூனிஸ்ட் கட்சிகள், விடுதலைச் சிறுத்தைகள் உள்ளிட்ட கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. 24ஆம் தேதி மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரங்களின் ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெண்கள் மிகுதி. விடிவதற்குள் சமையல் முடித்து, கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, மாலையில் வீடு திரும்பும் அந்தப் பெண்களுக்கு வேலை நேரம் கூடுவது தொகுதியில் கட்டப்படும் எந்தக் கட்டடத்தையும்விடப் பெரிய செய்தி. அதை முடிவு செய்யும் அதிகாரம் சட்டமன்றத்திடம் இருந்தது. ஆயினும் தொழிலாளர்கள் மிகுந்த தொகுதியிலிருந்து வந்த ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் எதிர்த்து நிற்க விரும்பியிருந்தாலும் அவருக்கு அவைக்குள் இடமில்லை. குரல் வாக்கெடுப்பானதால் யார் எப்படி வாக்களித்தார் என்ற பதிவும் இல்லை. மசோதாவைப் பின்வாங்க வைத்தவை கூட்டணி அழுத்தமும் தொழிற்சங்கங்களும். இந்த நிகழ்வைச் சட்டமியற்றும் பணியின் முக்கியத்துவத்துக்கும் சான்றாகக் காட்டலாம், தனி உறுப்பினரின் கையறு நிலைக்கும் சான்றாகக் காட்டலாம். இரண்டும் உண்மை என்றே தோன்றுகிறது.

இரண்டாவது பதில்: அவர் தொகுதியின் ஆள்

வாக்காளர்களைக் கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் பதில் இதுதான். தொகுதிக்கு என்ன செய்தார்? ஊருக்கு வந்தாரா? சாவுக்கு வந்தாரா? இந்த அளவுகோலை அறியாமை என்று ஒதுக்கும் பழக்கம் படித்தவர்களிடம் உண்டு. அது நியாயமில்லை. இந்த எதிர்பார்ப்பு வளர்ந்ததற்கு வரலாற்றுக் காரணங்கள் இருக்கின்றன.

1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராஜர், அதே ஆண்டு இடைத்தேர்தலில் குடியாத்தத்திலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1957இல் அவர் சாத்தூருக்குப் போய்விட்டார். அவர் காலத்தில், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ஊராட்சி ஒன்றியங்கள் பள்ளிக்கும் சாலைக்கும் கிணற்றுக்கும் பொறுப்பேற்றன. ஒன்றியத் தலைவர் பல ஊர்களில் சட்டமன்ற உறுப்பினருக்கு நிகரான செல்வாக்குடன் இருந்தார். பிறகு அந்த அடுக்கு தளர்ந்தது. 1970இல் ஊராட்சித் தேர்தல் நடந்த பின் அடுத்தது 1986இல், அதற்கடுத்தது 1996இல். கால் நூற்றாண்டில் பெரும்பகுதி ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. மக்கள் மனுவோடு யாரிடம் போவார்கள்? அருகில் இருந்த ஒரே தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளிடம்தான். சட்டமன்ற உறுப்பினர் உள்ளூர்க் காரியங்களின் மையமானதற்கு அவருடைய பேராசையைக் காட்டிலும் ஊராட்சிகள் விட்டுச்சென்ற வெற்றிடம் பெரிய காரணமாக இருந்திருக்கக்கூடும்.

ஆய்வாளர்கள் இதை இரு விதமாகப் படிக்கிறார்கள். கஞ்சன் சந்திரா 2004இல் வெளியிட்ட நூலில், அரசின் நன்மைகளைப் பங்கிடும் அதிகாரம் தனி மனிதர்களின் கையில் இருக்கும்போது, வாக்காளர்கள் தம் சாதிக்காரரைத் தேர்ந்தெடுப்பதே பகுத்தறிவான செயலாகிவிடுகிறது என்று வாதிட்டார். அந்தப் பார்வையில் தொகுதிச் சேவை என்பது சலுகைப் பங்கீட்டின் இன்னொரு முகம். ஜெனிபர் பஸெல் 2019இல் எழுதியது இதற்கு நேர்மாறானது. உள்ளூர்த் தலைவர்கள் கட்சி பார்த்து நன்மைகளை மறுக்கும்போது, மறுக்கப்பட்டவர்கள் மேலே உள்ள உறுப்பினரிடம் போகிறார்கள், அவர் பெரும்பாலும் கட்சி கேட்காமலே உதவுகிறார் என்பது அவருடைய முடிவு. அப்படியானால் மனு வாங்கும் நேரம் வீணல்ல, ஒருவகை மேல்முறையீடு. அவருடைய களம் பெரும்பாலும் வட இந்தியா. கட்சி அமைப்பு வட்டம், கிளை வரை இறங்கியிருக்கும் தமிழ்நாட்டில் மனு கொண்டுவருபவரின் கட்சி அடையாளம் அவருக்கு முன்பே அலுவலகத்துக்கு வந்துவிடுகிறது. ஆகவே பஸெலின் முடிவு இங்கே எந்த அளவு பொருந்தும் என்பது சோதிக்கப்பட வேண்டியது.

இந்தப் பதிலுக்கு நிறுவன வடிவம் தந்தது தொகுதி மேம்பாட்டு நிதி. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு 1993 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தின் வழியில் மாநிலங்களும் தத்தம் திட்டங்களை வகுத்தன. தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு இப்போது ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். உறுப்பினர் பரிந்துரைப்பார், நிர்வாக ஒப்புதலும் பணியும் மாவட்ட ஆட்சியர் வழியாக நடக்கும். ரேஷன் கடைக் கட்டடம், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, உயர்கோபுர மின்விளக்கு, பள்ளிச் சுற்றுச்சுவர் என்று அதன் விளைச்சலைப் பெயர்ப்பலகைகளோடு எங்கும் பார்க்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு இங்கே உதவும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள் 7.21 கோடி. 234 தொகுதிகளால் வகுத்தால் தொகுதிக்குச் சராசரியாக 3 லட்சத்துக்குச் சற்று மேல். 3 கோடி ரூபாயை அவர்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு ஆண்டுக்கு நூறு ரூபாய்கூட வராது. தேர்தல் மேடைகளில் இந்த நிதி அடையும் முக்கியத்துவத்துக்கும் அதன் உண்மையான அளவுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது.

எதிர்ப்புகளும் கனமானவை. வெங்கடாசலய்யா தலைமையிலான அரசியல் சட்டச் செயல்பாட்டு மறுஆய்வு ஆணையம் 2002இல் இத்தகைய நிதியைக் கைவிடச் சொன்னது. வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007இல் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர் நிதிகள் இரண்டையும் ஒழிக்கப் பரிந்துரைத்தது. அரசின் செலவைக் கண்காணிக்க வேண்டியவரே செலவு செய்பவராகிவிடுகிறார் என்பது அவர்களின் வாதம். 2010இல் பீம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடாளுமன்ற உறுப்பினர் நிதி அரசியல் சட்டத்துக்கு முரணானதல்ல என்றது. சட்டப்படி செல்லும் என்பது ஒன்று, அவசியம் என்பது வேறு. பிலிப் கீஃபரும் ஸ்துதி கேமானியும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு சிக்கலைச் சுட்டியது: ஒரு கட்சியின் கோட்டையாக இருக்கும் தொகுதிகளில் உறுப்பினர்கள் இந்த நிதியைக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள். வாக்கு எப்படியும் வரும் என்றால் உழைப்பு குறைகிறது.

2022 ஆகஸ்டில் தமிழ்நாடு ஒரு புதிய வழியை முயன்றது. எதிர்க்கட்சியினர் உட்பட 234 உறுப்பினர்களுக்கும் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கடிதம் எழுதி, தொகுதியின் மிக முக்கியமான பத்துக் கோரிக்கைகளை ஆட்சியர் வழியாக அனுப்பும்படி கேட்டார். ஒரு சட்டமன்ற உறுப்பினரின் முன்னுரிமைகள் எவை என்ற கேள்விக்கு மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் எழுத்துப்பூர்வமான பதில் கேட்கப்பட்டது அதுவே எனலாம். அதே மாதம் தமிழ்நாடு காலணி மற்றும் தோல் பொருட்கள் கொள்கை 2022 வெளியிடப்பட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. உறுப்பினரிடம் கேட்கப்பட்டவை பாலம், கட்டடம், சாலை போன்ற பணிகள். தோல் வட்டாரத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் கொள்கை வேறிடத்தில், துறையிலும் முதலீட்டாளர் மாநாட்டிலும் உருவானது. பட்டியல் தருவதும் கொள்கை வகுப்பதும் இரு வேறு கைகளில் இருந்தன.

மூன்றாவது பதில்: இரண்டுமில்லை, ஊராட்சி செய்யட்டும்

73, 74ஆவது திருத்தங்களுக்குப் பின் வலுப்பெற்ற வாதம் இது. உள்ளூர் வேலைகளை உள்ளாட்சிகளிடம் விட்டால் சட்டமன்ற உறுப்பினர் தன் சொந்த வேலைக்குத் திரும்புவார். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்க வேண்டும். ஆயினும் அச்சட்டத்தின் 205ஆவது பிரிவு ஊராட்சித் தலைவரைப் பதவி நீக்கும் நடவடிக்கையை ஆட்சியரின் கையில் வைத்திருக்கிறது. பணமும் பணியாளர்களும் பெரும்பாலும் ஒன்றிய அலுவலகத்தின் பிடியில். இப்படிப்பட்ட ஊராட்சி உறுப்பினரின் சுமையை எவ்வளவு குறைக்கும்?

மலைமேல் இந்தக் கேள்வி உயிர்ப் பிரச்சினை. அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஆகிய மலை ஊராட்சிகள் இருக்கின்றன. 2023 மே மாதம் அதே ஒன்றியத்தின் அல்லேரி மலைப்பகுதியில் பாம்பு கடித்த ஒரு குழந்தை மருத்துவமனை சேர்வதற்குள் இறந்தது. ஆம்புலன்ஸ் ஊர்வரை போகச் சாலை இல்லாததால், பெற்றோர் உடலை நெடுந்தூரம் கையில் சுமந்தே ஊர் சேர்க்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டையே உலுக்கிய செய்தி அது. அதன்பின் சாலைப் பணிக்கு அதிகாரிகள் விரைந்தார்கள். முன்பே ஏன் போடப்படவில்லை என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், நிலம் வனத்துறையுடையது என்பது.

ஆனால் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு இத்தகைய இடங்களுக்காகவே எழுதப்பட்டது. பள்ளி, அங்கன்வாடி, குடிநீர், மின்கம்பி, சாலை என 13 வகைப் பொது வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், ஒதுக்கலாம். அதற்குத் தேவை கிராம சபையின் பரிந்துரை. நீண்ட மலைச்சாலை ஒரு ஹெக்டேரில் அடங்காது என்பது உண்மைதான், அங்கே நடைமுறை கடினமாகும். அடங்கும் சிறு வசதிகளுக்குக்கூட இந்தப் பிரிவு போதிய அளவு பயன்படவில்லை என்பதே கவலை. தமிழ்நாட்டில் இச்சட்டத்தின் நடைமுறை நீதிமன்ற இடைக்கால உத்தரவால் பல ஆண்டுகள் தேங்கியிருந்ததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேலும், பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டுமே உரியது. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதியே இல்லை. ஜவ்வாது மலை அதன் வெளியே நிற்கிறது.

ஆக, ஊராட்சி செய்யட்டும் என்று சொல்பவர்கள் முதலில் ஊராட்சிக்கு அதிகாரம் தரும் சட்டத்தைச் சட்டமன்றத்திலிருந்தே பெற வேண்டியிருக்கிறது. மூன்றாவது பதில் சுற்றி முதல் பதிலின் வாசலுக்கே வந்து நிற்கிறது.

உறுப்பினர் இல்லாமலும் ஊரில் காரியங்கள் நடக்கும் என்பதற்கும் இவ்வட்டாரத்தில் சான்று உண்டு. ஜவ்வாது மலையில் தோன்றும் நாகநதியின் படுகையில் வேலை உறுதித் திட்டப் பெண்கள் நூற்றுக்கணக்கில் மறுசெறிவுக் கிணறுகளை அமைத்தார்கள். முன்னெடுத்தது ஒரு தன்னார்வ அமைப்பு, கூலி தந்தது மத்தியத் திட்டம், நிர்வாகம் மாவட்டத்துடையது.

தொகுதி இரண்டாகப் பிளந்திருக்கும்போது

மேற்கண்ட மூன்று பதில்களும், தொகுதிக்கு ஒரு பொதுவான விருப்பம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கின்றன. பாலாற்றங்கரை அப்படியில்லை. தோல் தொழிலின் முதலாளியும் தொழிலாளியும் அங்கே வாக்காளர்கள். உப்பேறிய கிணற்றைப் பார்த்து நிற்கும் தென்னை விவசாயியும் அங்கேதான் வாக்களிக்கிறார். பல குடும்பங்களில் நிலத்தை இழந்தவரும் தோலால் பிழைப்பவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு உலகெங்கும் சுற்றுச்சூழல் சட்ட வகுப்புகளில் படிக்கப்படுகிறது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அறிவித்தது. தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானதாகத் தீர்ப்பு பதிவு செய்தது. ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம், சூழல் இழப்பை மதிப்பிட ஓர் ஆணையம், சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு என்று உத்தரவுகள் தொடர்ந்தன. ஏறத்தாழ மூன்று பதிற்றாண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே ஆற்றுக்காக மீண்டும் இழப்பீட்டுக்கும் கண்காணிப்புக் குழுவுக்கும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில், 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

குடிமக்கள் நேரே நீதிமன்றம் போனதும், சட்டமன்றத்தைச் சுற்றிக்கொண்டு ஆற்றின் வழக்கு ஓடியதும் உறுப்பினர்களின் தனிப்பட்ட அக்கறையின்மையால் மட்டும் நேர்ந்தவை என்று சொல்ல முடியாது. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டமும் 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் சட்டமும் மத்தியச் சட்டங்கள். பிளவுபட்ட தொகுதியில் எந்தப் பக்கம் பேசினாலும் மறுபக்கத்தை இழக்கும் அச்சமும் இயல்பானது. எனினும் ஒரு கதவு திறந்தே இருந்தது. நீர்ச் சட்டத்தின் 39ஆவது பிரிவுப்படி மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆண்டறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். அதை வைத்துக் கேள்வி நேரத்தில் கேட்கலாம், கவன ஈர்ப்புக் கொண்டுவரலாம், வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். அமைச்சர் தரும் வாக்குறுதியை அவையின் உறுதிமொழிக் குழு பின்தொடரும். இவற்றுக்குக் கட்சித் தாவல் சட்டம் தடையில்லை, ஒரு ரூபாய் நிதியும் வேண்டாம். சட்டமியற்றுபவருக்கும் தொகுதியின் ஆளுக்கும் நடுவே உள்ள இந்த வேலையைத்தான் மூன்று பதில்களும் போதிய அளவு கவனிக்கவில்லை: ஊரின் ஒரு குறையை அவையின் கேள்வியாக்கி, பதில் பெற்று, அந்தப் பதிலை விடாமல் துரத்துவது. இக்கட்டுரையின் தீர்ப்பு அதன் பக்கமே சாய்கிறது. நாகரிகமான ஒரு சமரசம் என்பதற்காக அல்ல. தனி உறுப்பினரிடம் உண்மையிலேயே எஞ்சியிருக்கும் அதிகாரம் அதுவாக இருப்பதால்.

நாற்காலி காலியாக இருந்த மாதங்கள்

உறுப்பினர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் திட்டமிட்டுச் சோதிக்க முடியாது. இவ்வட்டாரத்தில் அது தானே நடந்தது. 2017 செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்த 18 உறுப்பினர்களில் ஆம்பூர், குடியாத்தம் உறுப்பினர்கள் இருவரும் அடக்கம். உயர் நீதிமன்றத்தில் 2018 ஜூனில் மாறுபட்ட தீர்ப்புகள், மூன்றாவது நீதிபதியின் தீர்ப்பு அக்டோபரில், இடைத்தேர்தல் 2019 ஏப்ரலில், முடிவு மே மாதம். இருபது மாதங்கள் இரு தொகுதிகளுக்கும் உறுப்பினர் இல்லை. குடியாத்தத்தில் வென்ற எஸ்.காத்தவராயன் 2020 பிப்ரவரியில் காலமானார். தொற்றுக்காலம் வந்தது, 2021 பொதுத்தேர்தல் வரை அத்தொகுதி மீண்டும் வெற்றிடம். அந்த ஐந்தாண்டில் குடியாத்தத்துக்கு உறுப்பினர் இருந்த காலம் பாதிக்கும் குறைவு.

அதே நேரத்தில் ஊராட்சிகளும் இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊரக உள்ளாட்சிகளுக்கு, பிரிக்கப்பட்ட இம்மாவட்டங்களில் 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில். போதாக்குறைக்கு, பணப் பறிமுதலால் வேலூர் மக்களவைத் தேர்தலும் 2019 ஏப்ரலில் ரத்தாகி ஆகஸ்டில் நடந்தது. அதாவது 2017 இறுதியிலிருந்து 2019 நடுப்பகுதி வரை ஆம்பூர்க்காரருக்கு மாநிலத்திலும் ஊரிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி என்று எவரும் இல்லை. எல்லாம் தனி அலுவலர்களும் ஆட்சியரும்.

சாலைகள் போடப்பட்டன, ரேஷன் கிடைத்தது, மருத்துவமனை இயங்கியது. இதை வைத்து உறுப்பினர் தேவையில்லை என்று சிலர் முடிவுக்கு வரலாம். அது அவசர முடிவு. நின்றுபோகாத பணிகளை எண்ண முடிகிறது. கேட்கப்படாத கேள்விகளை எண்ண முடியாது. அந்த மாதங்களில் பேரவையில் ஆம்பூரின் பெயரால் எழுந்திருக்க வேண்டிய குரல் எது, அதனால் எது மாறியிருக்கும் என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் பக்கமில்லை.

முடிவாகாதவை

முதலாவது, அளவு. 1967 முதல் தமிழ்நாட்டின் தொகுதிகள் 234ஆகவே இருக்கின்றன. 1971இல் சராசரியாக 1.76 லட்சம் பேருக்கு ஒருவர், 2011இல் 3 லட்சத்துக்கு மேல். தொகுதி மறுசீரமைப்பு விவாதத்தில் நாடாளுமன்ற இடங்களே பேசப்படுகின்றன. ஒரு சட்டமன்ற உறுப்பினரால் எத்தனை பேரின் குறையை உண்மையிலேயே கேட்க முடியும் என்பது பேசப்படவில்லை.

இரண்டாவது, குழுக்கள். கேரளச் சட்டமன்றம் 1980 முதல் துறைவாரியான பொருள் குழுக்களை நடத்துகிறது. மசோதாக்கள் அங்கே கட்சிக் கூச்சலுக்கு வெளியே ஆராயப்பட வாய்ப்பு உண்டு. 2023இன் தொழிற்சாலை மசோதா அப்படி ஒரு குழுவுக்குப் போயிருந்தால், ஷூ கம்பெனிப் பெண்களின் சாட்சியம் கேட்கப்பட்டிருக்குமா? குழு இருந்தால் கேட்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கேரளத்திலும் குழுக்களைச் சுற்றிவரும் அவசரச் சட்டங்கள் உண்டு.

மூன்றாவது, வாக்காளர் எதற்காக வாக்களிக்கிறார் என்பது. அவையில் நன்றாகக் கேள்வி கேட்டவர் தொகுதியில் தோற்பதும், அவையில் வாயே திறக்காதவர் மறுபடி வெல்வதும் நடக்கின்றன. மாநிலம் தழுவிய அலைகளில் தனி உறுப்பினரின் உழைப்பு எவ்வளவு எடை பெறுகிறது என்பதைத் தொகுதி அளவில் நீண்டகாலத் தரவுகளோடு ஆராய வேண்டியிருக்கிறது. கேள்வி நேரப் பதிவுகளையும் உறுதிமொழிக் குழு அறிக்கைகளையும் தொகுதிவாரியாகத் தமிழில் எளிதில் தேடிப் பார்க்கும்படி பேரவைச் செயலகம் வெளியிட்டால் அந்த ஆய்வைத் தொடங்கலாம். அதுவரை அல்லேரிக்கும் ஆம்பூருக்கும் தங்கள் உறுப்பினரை அளக்கக் கிடைப்பவை, திறப்பு விழாக் கல்வெட்டுகள் மட்டுமே.